பெக்டரிக்குப் போய்ச் சேராத பாட்டு

ஒரு பாட்டைத் தொடங்கினால் எங்கேயாவது அதை முடித்தாக வேண்டும் என்ற கவலை துளிகூட இல்லாத ஒரே மனிதர், சப்ரகமுவ மாகாணத்தில் மட்டுமல்ல, இந்தப் பூமியிலேயே எங்கள் கியர் அண்ணன்தான். பலாங்கொடைக்கு மேலே, பஸ் போதும் என்று திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே அவர் கொழுந்து லொறி ஓட்டினார். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. ஆத்ம திருப்திக்குச் செய்த வேலை எங்களை வதைப்பது.

எங்களை என்றால், ‘லயம்’ இசைக்குழுவை. பெயர் அவர் வைத்ததுதான். சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்டால் தாளம் என்று எடுத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். தோட்டத்தில் லயம் என்றால் தொழிலாளர் வரிசைவீடு. அங்கே சொன்னால், “எந்த லயம்? மேல் லயமா, கீழ் லயமா? எத்தனாவது காம்பரா?” என்று வீட்டு விலாசம் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ரிஸ்வான். பலாங்கொடை பசாரில் அவனுடைய வாப்பாவுக்குப் புடைவைக்கடை. லொறியில் கேட்கட்டுமே என்று அவன் கியர் அண்ணனுக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தான். சினிமாப் பாட்டு இருக்கிறதென்று நினைத்துத்தான் கொடுத்தான். உள்ளே இருந்தது அவனுடைய மச்சான் எங்கிருந்தோ இறக்கிவைத்த பழைய வெள்ளைக்காரப் பாட்டுகள். புரோகிரசிவ் ரொக். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுவில் தாளம் மாறும், பிறகு அதுவும் மாறும், பாடுகிறவன் காணாமல் போவான், ஓர்கன் அழும், கடைசியில் பாடுகிறவன் வேறு ஏதோ கவலையோடு திரும்பி வருவான். லொறியில் ஏறிய ஆட்கள் எல்லாம், “அண்ணே, அத நிப்பாட்டுங்க, வயித்தக் கலக்குது” என்று கெஞ்சினார்கள். அவரோ மேல் டிவிசனிலிருந்து பெக்டரிக்கு வந்து சேர்ந்ததும் லொறியை நிறுத்திவிட்டு, கொழுந்தை இறக்கவும் விடாமல் உட்கார்ந்தே இருந்தாராம்.

அன்று மாலை என்னிடம் வந்தார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். காலை ஆராதனைக்குப் பள்ளிக்கூடம் வாங்கிய கீபோர்ட் என் பொறுப்பில் இருந்தது என்பதைத் தவிர எனக்கும் இசைக்கும் சம்பந்தமில்லை.

“சேர், மேல இருந்து பெக்டரி வரைக்கும் ஒரே பாட்டு. பாட்டு முடியுது, நான் பிரேக் போடுறேன். வெளங்குதா ஒங்களுக்கு?”

“என்னண்ணே வெளங்கணும்?”

“அவனுங்க நம்ம ரோட்டுக்குத்தான் சேர் பாட்டுப் போட்டிருக்கானுங்க!”

இப்படிப் பிறந்ததுதான் ‘கொழுந்து லொறி’ என்ற அவருடைய ஒரே பாட்டு. மேல் டிவிசனிலிருந்து பெக்டரி வரைக்கும் பாதையில் எத்தனை வளைவோ பாட்டிலும் அத்தனை வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தாளம். கிட்டார் அவர். தாளம் மாற வேண்டிய இடம் வந்தால் இடது காலால் இல்லாத கிளட்சை மிதிப்பார், கிட்டாரின் கழுத்தை முன்னால் ஒரு தள்ளு தள்ளி, “கியர்ர்ர்!” என்று கத்துவார். உடனே நாங்கள் எல்லோரும் அடுத்த தாளத்துக்குத் தாவ வேண்டும். தாவாதவன் பள்ளத்தில் விழுந்தவன்.

ஆரம்பத்தில் நாங்கள் நாலு பேர். பேஸ் கிட்டார் ரிஸ்வான், ஏனென்றால் எம்ப்ளிஃபயர் அவனுடையது. ட்ரம்ஸ் ஜோசப், ஏனென்றால் மாதா கோயில் ட்ரம்ஸின் சாவி அவனிடம் இருந்தது. என் கீபோர்டில் தேவாலய ஓர்கன் சத்தத்தைத் தவிர மற்ற எல்லா பொத்தானும் செத்திருந்தது. ஆகவே பீலியில் கொட்டும் தண்ணீர், பனி, கொழுந்துக் கூடை என்று அவர் எதைப் பாடினாலும் பின்னால் யாரோ இறந்துபோன மாதிரியே இருக்கும். முதல் கச்சேரியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கியர் அண்ணன் பூரித்துப்போனார். அவர்களில் ஒருத்தி எழுந்து வந்து, “யாருக்குண்ணே காரியம்?” என்று கேட்டபோதுதான் முகம் கொஞ்சம் வாடியது.

பாட்டில் கோயில் வளைவு தாண்டுவதற்குள் ஜோசப்புக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. நிஜமாகவே அந்த வளைவில்தான். ஒத்திகை நடுவில் போன் வந்தது. மாதா கோயில் சாவியையும் கொண்டுபோய்விட்டான். ட்ரம்ஸுக்கு எங்கே போவது? தோட்டத்தில் தப்பு அடிக்க முருகையாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவரைப் பிடித்தோம். முருகையா அதிகம் பேசமாட்டார். பாட்டு முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இது எடுப்பா, முடிப்பா?”

முருகையா வந்ததும் பாட்டுக்கு இரத்தம் ஏறிவிட்டது. அதுவரை பனிமூட்டத்துக்குள் தடவித் தடவிப் போன லொறி, இப்போது பிரேக் இல்லாமல் இறங்கியது. என் ஓர்கன்கூட அழுகையை மறந்து குதித்தது. அந்த உற்சாகத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டோம். பட்டப்பகல், தேர் லயத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது, நாங்கள் முன்னால். ஏழு ஏழாக எண்ணும் ஒரு தாளத்தில் முருகையா இறங்கினாரோ இல்லையோ, கோயில் தலைவருக்குச் சாமி வந்துவிட்டது. சாதாரண நாளில் படியேறவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டிய மனிதர், பாதையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பாய்கிறார்.

வழக்கமாகத் தப்பு நின்றால் சாமி மலையேறிவிடும். எங்கள் பாட்டுத்தான் நிற்காதே! முருகையா நிறுத்தப் பார்த்தால் கியர் அண்ணன் முறைக்கிறார். பூசாரி விபூதித் தட்டோடு ஓடி வந்தார்.

“நிப்பாட்டுங்கப்பா! சாமி களைச்சுப் போச்சு!”

“இன்னும் மூணு வளைவு இருக்குங்க பூசாரி!”

அப்போது சாமியே எங்கள் பக்கம் திரும்பியது. நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டி, மூச்சு வாங்க வாங்கக் கேட்டது:

“ஏய்... எப்படா... முடிப்பீங்க?”

கியர் அண்ணன் கிட்டாரை மார்போடு அணைத்து, குனிந்து பணிவாகச் சொன்னார்: “பெக்டரிக்கு வந்துருவோம் சாமி. இந்தா, கிட்ட வந்துட்டோம்.”

சாமி அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு சோடா கேட்டது.

“சாமிக்கே புரிஞ்சிருச்சு சேர்,” என்றார் கியர் அண்ணன், திரும்பி வரும்போது.

“சாமி ஒக்காந்துருச்சுண்ணே.”

“ஒக்காந்து கேட்டுச்சுல்ல?”

அதற்குப் பிறகு ரிஸ்வானை அவனுடைய வாப்பா ருவான்வெல்லையில் திறந்த புதுக்கடைக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அவன் கியர் அண்ணனிடம் கேட்டான்: “நானா, மெய்யாச் சொல்லுங்கோ, இந்தப் பாட்டுக்கு முடிவு ஈக்கா இல்லயா?”

“நீ திரும்பி வா. காட்டுறேன்.”

பேஸ் இல்லாமல் என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அவர் டவுனிலிருந்து சமனைக் கூட்டி வந்தார். சிங்களப் பையன். ஸ்கூல் மெட்சுகளில் பப்பரே வாசிக்கிற கோஷ்டியில் ட்ரம்பெட் ஊதுகிறவன். தமிழ் நன்றாக வரும், வேகமாகவும் வரும். பேஸ் போய் ட்ரம்பெட் வந்தால் என்ன ஆகும்? வீட்டுக்கு அஸ்திவாரத்தைப் பிடுங்கிவிட்டு அந்தக் கல்லையும் கூரைமேல் ஏற்றிய மாதிரி ஆயிற்று. எல்லாம் மேலேயே நின்று கூவியது. பனி, பீலி, கூடை எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் கொழுந்து லொறி சுற்றுலா பஸ்ஸாக மாறிவிட்டது.

சமனுடைய அக்காவின் கல்யாணத்தில் வாசித்தோம். முதல் வளைவிலேயே சபை எழுந்து ஆடத் தொடங்கியது. கியர் அண்ணனுக்கு முகம் கறுத்தது. கிளட்சை மிதித்தார். “கியர்ர்ர்!” தாளம் மாறியது. சபை ஒரு நொடி தடுமாறிவிட்டு அதற்கும் ஆடியது. மறுபடி மாற்றினார். அதற்கும் ஆடினார்கள். இவர் மாற்ற, அவர்கள் பிடிக்க, இவர் மாற்ற, அவர்கள் பிடிக்க, ஒரு கட்டத்தில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மாமா மட்டும், நான் இன்றுவரை சரியாகப் பிடிக்காத அந்த ஏழு தாளத்துக்குத் தோளைக் குலுக்கிக் குலுக்கி ஆடினார். கடைசியில் ஓடி வந்து கியர் அண்ணனைக் கட்டிப்பிடித்தார்.

“அய்யே, ரொம்ப ஷோக் பைலா! தவ எகக்!” சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன், பைலா என்றால் ஆட்டப் பாட்டு. இன்னும் ஒன்று வேண்டுமாம்.

கியர் அண்ணன் போய் லொறிக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

“ஆடுறாங்க சேர்.”

“நல்லதுதானேண்ணே?”

“யாருமே யோசிக்கல சேர். சும்மா ஆடுறாங்க.”

சமன் ஒரு தட்டில் கேக்கும் கொக்கிஸும் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினான். “அய்யே, கோவமா? அந்த மாமா எங்க சொந்தம் கூட இல்ல. பாட்டு கேட்டு ரோட்டுலருந்து வந்தது.” கியர் அண்ணன் கொக்கிஸை எடுத்துக் கடித்தார். “ரோட்டுலருந்தா?” என்றார். இரண்டாவது கொக்கிஸ் எடுக்கும்போது முகம் தெளிந்திருந்தது.

பிறகு ஒருநாள், கொழுந்து ஏற்றும் வேலையை வெளியாள் லொறிகளுக்குக் கொடுப்பதென்று தோட்டத்தில் முடிவாயிற்று. கியர் அண்ணனுக்குக் கட்டாரில் பஸ் ஓட்டும் வேலை வந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைப் பார்த்து, வேறு யாருடையதையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் பதறினோம்.

புறப்படுமுன் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கச்சேரி. மேல் லயம், கீழ் லயம் எல்லாம் வந்தது. ரிஸ்வான் ருவான்வெல்லையிலிருந்து பேஸ் கிட்டாரோடு பஸ் பிடித்து வந்தான். ஓர்கனும் தப்பும் ட்ரம்பெட்டும் பேஸும் ஒன்றாகச் சேர்ந்து வாசித்தது அன்றுதான் முதல் தடவை. அழுகை இருந்தது, இரத்தம் இருந்தது, கூரையும் இருந்தது, அடியில் அஸ்திவாரமும் இருந்தது. அவர் தலைக்குள் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இதுதானா என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஒவ்வொரு வளைவாக இறங்கினோம். ஒருவரும் பள்ளத்தில் விழவில்லை. கடைசி வளைவும் தாண்டியாயிற்று. பெக்டரி கேட் தெரிகிறது. கியர் அண்ணன் கிளட்சை மிதித்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

அவர் எங்களைப் பார்த்தார்.

மிதித்த காலை எடுக்கவேயில்லை. பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி மெதுவாகச் சொன்னார்: “பெக்டரிய இன்னும் கட்டலடா.”

சபை, பாட்டு முடிந்தது என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கியது. அவர் மைக்கைப் பிடித்துக் கத்தினார்: “முடியலங்க! இன்னும் முடியல! யாரும் கை தட்டாதீங்க!” அதற்கும் கைதட்டினார்கள். விசில் வேறு. முருகையா தப்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கதிரைகளை அடுக்கும்போது கேட்டேன். “ஏண்ணே இவ்வளவு நாளா முடிவு போடல?”

“ஒவ்வொருத்தனா போய்க்கிட்டே இருந்தீங்க சேர். புதுசா ஒருத்தன் வர்றான். அவன் ஏற எடம் வேணாமா? முடிச்சிட்டா கதவச் சாத்துன மாதிரில்ல?” கடைசிக் கதிரையையும் அடுக்கிவிட்டு, “இப்ப நானே எறங்குறேன்,” என்றார். கிட்டாரைச் சமனிடம் கொடுத்துவிட்டு, “ஈரம் படாம வை,” என்று அவனைத் திட்டினார். அவன் இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை.

போனார். நாங்கள் மூன்று வாரம் வாசித்தோம். ரிஸ்வான் கல்யாணம் முடித்துப் பலாங்கொடைக்கே வந்துவிட்டான், ஆகவே ஆள் பலம் குறையவில்லை. பாட்டு அளவாக இருந்தது. தாளம் தெளிவாக இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும், “இப்பதான் நல்லாருக்கு” என்றார்கள். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. வாசித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்க்காமல் வயரைச் சுற்றினோம்.

நாலாம் வாரம் வெள்ளிக்கிழமை வீடியோ கோல் வந்தது. அங்கே வெள்ளி லீவு. அறைக்குள் மூன்று தட்டுக் கட்டிலின் மேல்தட்டில் தலை இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரனிடம் ஏதோ ஒரு கிட்டார் இரவல் வாங்கியிருந்தார்.

“பெக்டரி கட்டப் போறேன். வாசிங்கடா.”

போனை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சாய்த்து, முன்னால் மைக்கை வைத்தோம். மலையில் சிக்னல் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் அடித்தது கட்டாருக்குப் போய், அவர் மிதித்து, “கியர்ர்ர்” திரும்பி மலையேறி வருவதற்குள் நாங்கள் வளைவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம். மோதல். ரிஸ்வான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கதிரையிலிருந்து போன் விழுந்தது. கீழே கிடந்தபடியே, “யாருடா லேட்டு?” என்று அவர் கத்துவது கேட்டது.

சமன்தான் வழி கண்டுபிடித்தான். “அய்யே லேட் இல்ல சேர். நாங்கதான் முந்திப் போறது. கொஞ்சம் நிப்போம்.”

நின்றோம். வளைவு வந்ததும் ஓர் அடி அடித்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். எங்கிருந்தோ அவர் வந்து சேர்வார். சேர்ந்து திரும்புவோம். அப்புறம் அடுத்த வளைவு. பாட்டுக்குள் சின்னச் சின்ன மௌனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மலைக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருமே, அந்த மாதிரி. ஜன்னலுக்கு வெளியே கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அழவில்லை, ஆடவில்லை. சும்மா நின்றார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புது இண்டர்நெட் லைன் வந்தது. வைஃபை பெட்டியில் நாலு பச்சை விளக்கு. அந்த வெள்ளிக்கிழமை கியர் அண்ணன் திரையில் பளிச்சென்று தெரிந்தார். மீசையில் நரைத்த மயிர்கூடத் தெரிந்தது. தொடங்கினோம். முதல் வளைவு. அடித்துவிட்டு நின்றோம். ஆனால் அவர் நிற்கவில்லை. தாளத்தில் பிசகாமல், எங்களோடு பக்கத்தில் நிற்கிறவரைப்போலச் சட்டென்று திரும்பிவிட்டார். நாங்கள் நாலு பேரும் நடுவீதியில் நின்றுகொண்டிருந்தோம். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் விழுந்தோம்.

“என்னாச்சு சேர்? நான் சரியாத்தானே வந்தேன்?”

“நீங்க சரிதாண்ணே,” என்றேன். “இங்கதான் லைன் சரியில்ல.”

ரிஸ்வான் தலையைக் குனிந்து பேஸ் கம்பியைத் துடைத்தான். முருகையா எழுந்து போனார். வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து தப்பை எடுத்துக்கொண்டார். போன் பழைய மலைச் சிக்னலுக்கே திரும்பியது. திரையில் கியர் அண்ணன் முகம் மங்கி, கட்டம் கட்டமாக உடைந்து, மெல்ல மெல்ல ஒன்றுகூடியது. நாங்கள் முதல் அடியை அடித்துவிட்டு, அவர் வந்து சேரட்டும் என்று நின்றோம்.