நொன்ஸ்டொப் அண்ணையின் பதினோராம் பாட்டு

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையிலுள்ள கடலில் நொன்ஸ்டொப் அண்ணையை விட அதிகம் பேசிய மனிதரும் இல்லை. அவரைப்போல ஒரு கதையையும் முடிக்காத மனிதரும் இல்லை. படகில் கயிறு கட்டுவது, கயிறு அவிழ்ப்பது, ஆடு ஏற்றுவது, வயதானவர்களைக் கைபிடித்து இறக்குவது அவருடைய உத்தியோகம். பேச்சு இலவசம். நெடுந்தீவுத் துறையில் ஒரு கதையைத் தொடங்கினாரென்றால், ஒரு மணி நேரம் கழித்து அக்கரையில் ஆட்கள் இறங்கி பஸ் ஏறும்போதும் கதாநாயகன் வீட்டை விட்டு வெளிக்கிட்டிருக்க மாட்டான். மிச்சத்தை, அவர்கள் திரும்பி வரும் திங்கட்கிழமை, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

ஆனால் பட்டப்பெயர் வந்தது பேச்சால் அல்ல, ஒரு சீடியால்.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில வருடங்களில் பாரிசிலிருந்து அவருடைய தமையன் அனுப்பிய சீடி அது. மேலே பச்சை மையில் ‘நொன்ஸ்டொப்’ என்று எழுதியிருந்தது. அங்கே ஏதோ கொண்டாட்டத்தில் ஒருவர் பதினெட்டுப் பாட்டுகளை மூச்சு விடாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் பதிந்திருந்தார். ஒரு பாட்டு அடங்கும் முன்பே அடுத்தது அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு வரும். படகின் பற்றரியில் கொழுவியிருந்த பிளேயருக்கோ அது முழுவதும் ஒரே பாட்டு. சின்னக் கண்ணாடியில் ‘1’ என்ற இலக்கம் மாறாமல் நிற்கும்.

நாளடைவில் அந்தக் கடலே பாட்டுகளால் ஆனதாகிவிட்டது. நெடுந்தீவின் கல்மதில்கள் நீலத்துக்குள் கரையும் இடத்தில் மூன்றாவது பாட்டு. நாலு பக்கமும் தண்ணீரும் வெளிச்சமுமாக, படகு போகிறதா நிற்கிறதா என்று தெரியாத இடத்தில் எட்டாவது. பாதிக் கண்ணை மூடி ஆடிக்கொண்டு வரும் சனம், கண்ணைத் திறக்காமலே “புங்குடுதீவு தெரியுது போலை” என்று சொல்லும். சரியாகத்தான் இருக்கும்.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் நாரந்தனையிலுள்ள தன் வீட்டுக்குப் போவார். நாற்பது வயதிருக்கும். தமையன்மாரெல்லாம் வெளிநாடு. படகில் யாரோடும் பேசமாட்டார்; கடலைப் பார்த்தபடியே வருவார். ஒரு வெள்ளிக்கிழமை, படகு குறிகட்டுவான் இறங்குதுறையில் முட்டும் சமயம், அவர் திரும்பிக் கேட்டார்:

“அண்ணை, இந்தப் பாட்டு நல்லாயிருக்கு. இன்னொருக்காப் போடேலுமே?”

மெதுவான பாட்டு. பெண் குரல். பதினோராவது. அண்ணை பாய்ந்துபோய்ப் பொத்தானை அமத்தினார். சீடி முதலாம் பாட்டுக்குத் திரும்பிவிட்டது. முன்னுக்கு ஓட்டுகிற பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு அவர் தவம் கிடந்து அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தபோது, ரீச்சர் ஏறிய பஸ் புழுதியாகிவிட்டிருந்தது.

அடுத்த வெள்ளி வேறு கணக்குப் போட்டார். ஆட்கள் ஏறும் முன்பே சீடியை ஓடவிட்டால் நடுக்கடலில் பதினொன்று வரும். ஆனால் அன்றைக்கு ஒரு கிடாய் படகில் கால் வைக்க மறுத்தது. நாலு பேர் முன்னுக்கு இழுக்க, இரண்டு பேர் பின்னுக்குத் தள்ள, அந்த அமளிக்குள் பெண் குரல் பாடி முடித்தது. அதற்கடுத்த கிழமை, படகு ஓட்டியிடம் மெல்லமாய்ப் போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சனம் அவரைக் கடலில் போடாமல் விட்டது அந்தோனியார் புண்ணியம்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். ஊர்காவற்துறையில் எனக்கு அப்போது ஒரு கொம்பியூட்டர் கடை. கடிதம் அடிப்பேன், சீடி பதிந்து கொடுப்பேன்.

“தம்பி, இதைத் துண்டு துண்டா வெட்டேலுமே? பதினொண்டை அமத்தினால் பதினொண்டு பாட வேணும். ஏனெண்டு கேளாதையும்,” என்றவர், நான் கேளாமலே முக்கால் மணி நேரம் ஏனென்று சொன்னார்.

சீடியைக் கொம்பியூட்டரில் ஏற்றியதும் திரையில் ஒலி மேடும் பள்ளமுமாக விரிந்தது. அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“இதென்ன, கடலோ?”

“இதுதான் அண்ணை பாட்டு. எங்கை வெட்டிறதெண்டு சொல்லுங்கோ. எத்தினையாம் நிமிசம்?”

“நிமிசம் ஆருக்குத் தெரியும்? நயினாதீவுக் கோபுரம் வடிவாத் தெரிஞ்சு, காத்து இடக்கன்னத்திலை படேக்கை துடங்கும்.”

அந்த அடையாளங்களை வைத்துக்கொண்டே நானும் வெட்டினேன். பதினேழு வெட்டு. பதினாறு சுகமாகப் போயின. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் வழக்கு. பத்தாவதின் மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெண் குரல் தொடங்கிவிடும். மேளம் ஓய்ந்த பிறகு வெட்டினால் குரலின் முதற்சொல் போய்விடும். அதற்கு முன் வெட்டினால் மேளமும் கூடவே வரும். நான் முதற்சொல்லைக் காவு கொடுத்தேன். அண்ணை கேட்டுப் பார்த்துவிட்டு எழும்பி நின்றார்.

“தலையில்லாத பாட்டை நான் எப்பிடித் தம்பி ஒரு பொம்பிளைப்பிள்ளைக்கு முன்னாலை போடுறது?”

“அப்ப மேளம் வரும், அண்ணை.”

“வரட்டும். கலியாணத்துக்கு மேளம் கூடாதோ?” சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பேச்சைத் தானாக நிறுத்தி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

மேளத்தோடேயே வெட்டிப் புதுச் சீடியில் பதிந்து கொடுத்தேன். அவசரத்தில் ஒரு பிழை விட்டுவிட்டேன். பாட்டுக்குப் பாட்டு இரண்டு செக்கன் வெறுமை விடுகிற ஏற்பாட்டை நிறுத்த மறந்துபோனேன். நொன்ஸ்டொப் பதினேழு இடத்தில் நின்று நின்று போகும் சீடியாகிவிட்டது. இது எனக்குத் தெரியவந்தபோது அண்ணை படகிலிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பின்னாளில் ரீச்சரே எனக்குச் சொன்னார். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்ததாம். நடுவழியில் அண்ணை பதினொன்றை அமத்தினார். இரண்டு மேளச் சத்தம், பிறகு அந்தக் குரல். ரீச்சர் கடலிலிருந்து முகத்தைத் திருப்பினார். அண்ணைக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் அவருக்குப் பேச்சும் வரும். எஞ்சின்காரரிடம் போய், பாட்டுக்கு மேலாலும் எஞ்சினுக்கு மேலாலும் கேட்கவேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எஞ்சின்காரருக்கோ எஞ்சின் சூடேறியதுபோல் ஒரு சந்தேகம். பாட்டு முடிகிற நேரம் பார்த்து எஞ்சினைத் தணித்தார். அடுத்த பாட்டு உடனே தொடங்கும் என்றுதான் அண்ணை நினைத்திருந்தார். தொடங்கவில்லை. இரண்டு செக்கன். அந்த அமைதியில் படகு முழுக்கக் கேட்டது:

“...ரீச்சருக்காகத்தான் நான் இந்தக் கடலையே வெட்டுவிச்சனான்!”

அறுபது பேரும் திரும்பினார்கள். பன்னிரண்டாவது பாட்டு குதித்துக்கொண்டு தொடங்கியது. அண்ணை கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் குந்திவிட்டார். கரை வரும் மட்டும் தலை தெரியவில்லை.

குறிகட்டுவானில் எல்லோரும் இறங்கினார்கள். ரீச்சர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“அந்தப் பதினொண்டை இன்னொருக்காப் போடுங்கோ,” என்றார்.

பஸ்காரர் கோர்ன் அடித்துக் களைத்துப்போனாராம்.

மறுநாள் காலை என் கடை திறக்க முன்பே அண்ணை வாசலில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தம்பி! ‘அண்ணை’ எண்டு சொல்லேல்லை! ‘போடுங்கோ’ எண்டு மட்டும்தான் சொன்னவா. அண்ணை இல்லை! விளங்குதே உமக்கு?”

விளங்கியது. சீடியில் என் பிழையைத் திருத்தித் தருகிறேன் என்றேன்.

“தொட்டீரெண்டால் கையை முறிச்சுப்போடுவன்,” என்றார்.

கலியாணம் நெடுந்தீவுக் கோயிலில். நான் பிறந்ததிலிருந்து ஊர்காவற்துறைக்காரன்; ஆனால் நெடுந்தீவுக்குப் போனதில்லை. குறிகட்டுவானில் பஸ்ஸால் இறங்கினால், கலியாண மாப்பிள்ளையே வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு படகில் நிற்கிறார். என்னைக் கூட்டிப்போக விடிய வெள்ளனவே வந்தாராம். அன்று அலையைக் கிளப்புகிற சோளகக் காற்று. பாதி வழியில் குடல் புரண்டு, நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் கடலுக்குள் நீட்டினேன். கரை தெரியும் வரை அவர் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உப்பும் கயிறும் மணக்கும் சொரசொரத்த கை. அதற்குப் பிறகு நான் போய் வாழ்ந்த எத்தனையோ ஊர்களில் எத்தனையோ காய்ச்சலில் படுத்திருக்கிறேன். அந்தக் கை இருந்தால் நல்லது என்று நினைக்காமல் ஒருமுறைகூடக் கண் மூடியதில்லை.