தபால்ல வந்த கல்யாணம்

திங்கக்கிழமை மத்தியானம் தபால்காரரு ஒரு கவரை நீட்டிட்டுப் போனாரு. பால்பாண்டி பிரிச்சுப் பாத்தாரு. மச்சினன் பொன்னுமணியோட கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருந்துச்சு. வர்ற வெள்ளிக்கிழமை ராஜபாளையத்துல, பொண்ணு வீட்டுல முகூர்த்தம்.

பால்பாண்டிக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு.

கல்யாணம் அவருக்குப் புதுச் சேதி இல்ல. பொண்ணு பாக்கப் போனப்ப முன்னால நடந்ததே அவருதான். ஆனா சேதி வேற, அழைப்பு வேற. மூத்த மருமகனை அழைக்கணும்னா மாமனாரும் மாப்பிள்ளையும் நேர்ல வரணும். தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, தேங்கா, பழம் வச்சு நீட்டணும். மாமனார் ஊரு தேவாரத்துக்கும் இவரு இருக்கிற போடிக்கும் நடுவுல கடலா கெடக்கு? பஸ்சுல ஏறி ஒரு தூக்கம் போட்டா ஊரு வந்துரும்.

"ஏ பேச்சி! இங்க வா. ஒங்கப்பன் பண்ணியிருக்கிற காரியத்தைப் பாரு!"

முத்துப்பேச்சி ஈரக்கையோட அடுப்படியில இருந்து வந்தா.

"பத்திரிகையா? நல்லாத்தான அடிச்சிருக்காக."

"அடிச்சது கெடக்கட்டும். வந்தது எப்படி? தபாலு! கரண்டு ஆபீசு நோட்டீசு வர்ற மாதிரி மூத்த மருமகனுக்குத் தபாலு!"

"கல்யாண அவசரம். ஆளுக்கு ஒரு சோலி."

"அப்ப நான் ஆளு இல்லையா?"

"இப்ப என்னங்கிறீக?"

"நான் வரல."

இந்த எடத்துல பொண்டாட்டி பதறணும். "ஐயையோ, அப்படிச் சொல்லாதீக"ன்னு சேலைத் தலைப்பைப் பிசையணும். இவரு மூஞ்சியத் திருப்பிக்கிறணும். சேதி தேவாரம் போகணும். மாமனார் அலறிப் பொடைச்சுத் தாம்பாளத்தோட ஓடி வரணும். பால்பாண்டி மனசுக்குள்ள அது வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டாரு.

"சரிங்க"ன்னா முத்துப்பேச்சி. "நல்லதாப் போச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளு தேடணுமேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கையத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அந்தப் பக்கத்துல கல்யாண வீடுன்னா மூத்த மருமகன் ஒரு தடவையாவது முறுக்கிக்கிறணும். மாமனார் வந்து கையப் பிடிச்சுச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போகணும். அது ஒரு மரியாதை. பால்பாண்டி அதுல கை தேர்ந்தவரு. பெரிய மச்சினன் கல்யாணத்துல எலையில வடை வரலன்னு பம்புசெட்டு ரூமுல போயி உக்காந்துக்கிட்டாரு. கொழுந்தியா மூக்கம்மா கல்யாணத்துல சந்தனக் கிண்ணம் தன்னைத் தாண்டிப் போயிருச்சுன்னு பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்துக்கிட்டாரு. ரெண்டு தடவையும் கெட்டிமேளம் ஒரு பக்கம் முழங்க, முத்துப்பேச்சி இன்னொரு பக்கம் புருசனைத் தேடிக்கிட்டு அலஞ்சா.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெறகு முத்துப்பேச்சி ரெண்டு பூவம்பழமும் நாலு வெத்தலையும் கொண்டாந்து வச்சா.

"என்ன அதிசயம்? வெத்தலையெல்லாம்?"

"இருந்துச்சு. போடுங்க."

போட்டாரு. "சின்னமனூர் கொடிக்கா வெத்தலை போல. பேருக்குக்கூட காரம் இல்ல"ன்னு பாராட்டிட்டு, "ஒரு வெத்தலை வைக்கத் துப்பில்லாத குடும்பம்"னு வாய் நெறைய வெத்தலையோட வைஞ்சாரு.

மறுநா காலையில பக்கத்து வீட்டுக் கன்னையன்கிட்ட நியாயம் கேக்கப் போனாரு. கன்னையன் போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போற ஜீப்பு டிரைவரு. பேசுறது குறைவு. பதினேழு கொண்டை ஊசி வளைவு திரும்புற ஆளுக்குப் பேச்சு எதுக்கு?

"இந்தா, நீயே பாரு. மூத்த மருமகனுக்கு அனுப்புற லெச்சணமா இது?"

கன்னையன் கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"எழுத்து குண்டு குண்டா நல்லாத்தான இருக்குண்ணே."

"எழுத்தையா கேட்டேன்? மரியாதையக் கேக்குறேன்!"

"ஆமாண்ணே. மரியாதை முக்கியம்"னு சொல்லிட்டு ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டாரு. ரொம்ப நேரம் வெளிய வரல.

பால்பாண்டிக்கு ஏலக்கா மூட்டை சேத்து வைக்கிற கிட்டங்கியில தரம் பாக்குற வேலை. ஒரு பிடி காயை அள்ளி மோந்தாருன்னா, இது உடும்பஞ்சோலைக் காயா, தேவிகுளத்துக் காயா, எந்தப் பக்கத்துச் சரிவு, எந்த ஸ்டோருல காஞ்சது, எல்லாம் சொல்லிருவாரு. வியாபாரிக வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. பழக்க தோசத்துல அந்தக் கவரையும் எடுத்து மோந்து பாத்தாரு. ஏலக்கா வாசம் அடிச்சுச்சு. போடியில எதுதான் ஏலக்கா வாசம் அடிக்கல? திரும்ப சட்டப்பையில வச்சுக்கிட்டாரு.

கிட்டங்கியில ஒவ்வொரு ஆளுகிட்டயும் கவரைக் காட்டுனாரு. டீக்கடையில காட்டுனாரு. முடி வெட்டுற எடத்துல கழுத்துல துணியக் கட்டிக்கிட்டே காட்டுனாரு. "நீங்களே சொல்லுங்க, நான் போகலாமா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் "போகக் கூடாது"ன்னுட்டாங்க. அதுக்கப்புறந்தான் அவருக்குச் சப்புன்னு ஆயிருச்சு. யாராவது ஒரு ஆளு "போயிட்டு வாங்க, சொந்தத்துக்குள்ள என்ன"ன்னு சொல்லியிருக்கலாம். ஊருல ஒருத்தருக்கும் நல்ல மனசு இல்ல.

செவ்வாக்கிழமை தேவாரம் பஸ்சு வர்ற நேரத்துக்கெல்லாம் கிட்டங்கியில இருந்து வீட்டுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு. நாலு தடவை.

"என்ன மறந்து மறந்து வச்சிட்டுப் போறீக?" முத்துப்பேச்சி அதிரசத்தைத் தட்டிக்கிட்டே கேட்டா.

"யாரும் வந்தாகளா?"

"தயிர்க்காரம்மா வந்துச்சு."

"வேற?"

"வேற யாரு வரணும்?"

வீடு முழுக்கக் கல்யாணக் களை. அதிரசம் ஒரு சட்டி, முறுக்கு ஒரு டின்னு. தையக்கடையில இருந்து அவருக்குத் தச்ச சட்டை வந்துச்சு. கன்னையன் சம்சாரம் இருளம்மா வந்து சேலைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்துச்சு. இத்தனைக்கும் நடுவுல பால்பாண்டி ஒருத்தரு மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவரு மாதிரி உக்காந்திருந்தாரு.

புதன்கிழமை தானா வாயக் குடுத்தாரு.

"அது சரி. ஊர்வலத்துல மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்கணுமே. மூத்த மருமகன்தான பிடிக்கணும்?"

"குரங்கணி மாப்ள பிடிச்சுக்கிருவாக."

குரங்கணி மாப்ளன்னா சோலைமலை. மூக்கம்மா புருசன். பால்பாண்டிக்குச் சகலை. ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டமும் அதுக்கு மேல ரெண்டு ஏக்கர் பெருமையும் உள்ள ஆளு.

"அவனா? அவன் உயரத்துக்குக் குடை பிடிச்சா கம்பி மாப்பிள்ளை கண்ணுல குத்துமே!"

"எந்தம்பி குனிஞ்சு நடந்துக்கிருவான்."

பால்பாண்டிக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. கண்ண மூடுனா ராஜபாளையத்துத் தெரு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். சோலைமலை எக்கி எக்கிக் குடை பிடிச்சுக்கிட்டு வர்றான். ஜனங்க, "இவருதான் மூத்த மருமகனா?"ன்னு கேக்குறாங்க. அவனும் ஆமாங்கிறான்.

போனா டீக்கடையில தலை காட்ட முடியாது. போகலன்னா சொந்தத்துல தலை காட்ட முடியாது. இருக்கிறது ஒரு தலை.

வியாழக்கிழமை விடிஞ்சிருச்சு. தேவாரத்துல இருந்து வர்ற கல்யாண வேன் ஏழு மணிக்குத் தெருமொனையில நிக்கும்னு ஏற்பாடு. பால்பாண்டி குளிச்சு, திருநீறு பூசி, சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டாரு. மாமனார் வேன்ல வருவாரு. எறங்குவாரு. வீட்டுக்குள்ள வருவாரு. தாம்பாளம் இல்லாட்டியும் போகுது, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை "வாங்க மாப்ள"ன்னா போதும். வெத்தலையில இருந்து வார்த்தைக்கு எறங்கி வந்துட்டாரு பாவம்.

ஆரன் சத்தம் கேட்டுச்சு.

"நான் வர்றேங்க"ன்னா முத்துப்பேச்சி. பட்டுச்சேலையில ஜம்முனு நின்னா.

"ஒங்கப்பன்கிட்ட..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப் போட்டிருக்கேன். மறந்துறாதீக."

போயிட்டா. பால்பாண்டி சன்னல் இடுக்கு வழியாப் பாத்தாரு. முன் சீட்டுல மாமனார் தலப்பாக் கட்டோட உக்காந்து எதுக்கோ சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. பொட்டிகளை ஏத்துனாங்க. கதவைச் சாத்துனாங்க. வேன் பொகையக் கக்கிட்டுக் கெளம்பிருச்சு.

தெரு வெறிச்சோடிப் போச்சு. பால்பாண்டி உள்ள வந்தாரு. போகத்தான் முடியல, தச்ச சட்டையையாவது ஒரு தடவை போட்டுப் பாப்போம்னு டிரங்குப் பொட்டியத் தொறந்தாரு.

சட்டை இல்ல. சரிகை வேட்டி இல்ல. துண்டு, சவரக்கத்தி, பொடி டப்பா, ஒண்ணுமே இல்ல.

தலை தெறிக்க வெளிய ஓடி வந்தாரு. தொழுவத்துல இருளம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்துச்சு.

"நீ என்னம்மா பண்ற?"

"அக்கா சொல்லுச்சுண்ணே. ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாத்துக்கிறச் சொல்லி."

"எப்ப சொன்னா?"

"போன சனிக்கெழமை."

வாசல்ல கன்னையன் ஜீப்பை ஓடவிட்டுக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு நின்னாரு.

"இன்னைக்கு மலைக்குப் போகலையா கன்னையா?"

"இல்லண்ணே. இன்னைக்குத் தேனிக்கு ஒரு லோடு."

"என்ன லோடு?"

"ஏறுங்க. வழியில சொல்றேன்."

தேனி வரைக்கும் கன்னையன் வாயே தொறக்கல.

தேனியில ஒரு கிளப்புக்கடை வாசல்ல வேன் நின்னுச்சு. எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பால்பாண்டியக் கண்டதும் மாமனார் எலையை விட்டே எந்திரிச்சுட்டாரு.

"வாங்க மாப்ள! தேனிச் சோலி முடிஞ்சதா? இங்கதான் ஏறிக்கிருவீகன்னு பேச்சி சொன்னா. ஒங்களுக்கு முன் சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்கு."

மூணு நாளாப் பால்பாண்டி மனசுல எழுதி வச்சிருந்த வசனம் முட்டிக்கிட்டு வந்துச்சு. சட்டப்பையில இருந்து கவரை உருவுனாரு.

"சீட்டு இருக்கட்டும் மாமா. மொதல்ல இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க."

மாமனார் கவரைத் தூரத்துல பிடிச்சுப் பாத்தாரு. கண்ணு தெரியல. பக்கத்துல நின்ன சோலைமலைகிட்ட குடுத்தாரு. வேற ஆளா கெடைக்கல?

சோலைமலை வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு. "இது போடி முத்திரைதான. சனிக்கெழமை தேதி. போடியில போட்டு போடிக்கே வந்திருக்கு. யாரு சகலை இம்புட்டு வேலை மெனக்கெட்டுப் போட்டது?"

மூணு நாளா ஊரெல்லாம் காட்டுன கவரு. அந்த முத்திரைய இவரு ஒருத்தரு மட்டும் பாக்கல.

"நாங்க எதுக்கு மாப்ள தபால் போடுறோம்?" மாமனார் சொன்னாரு. "சனிக்கெழமை நானும் பொன்னுமணியும் நேர்லதான வந்தோம். நீங்க காய் பாக்க மலைக்குப் போயிட்டீகன்னு பேச்சிதான் தாம்பாளத்தை வாங்கிக்கிட்டா. பூவம்பழம் ஒரு சீப்பு, சின்னமனூர் வெத்தலை ஒரு கவுளி. வெத்தலை நல்லா இருந்துச்சா மாப்ள?"

பால்பாண்டி திரும்பிப் பாத்தாரு. முத்துப்பேச்சி இட்லியச் சாம்பாருல முக்கிக்கிட்டு இருந்தா. தலை நிமிரல.

எல்லாரும் தன் வாயவே பாக்குறாங்க. தன் மரியாதையத் தானே மென்னு தின்னதை எப்படிச் சொல்ல?

"நல்ல வெத்தலை மாமா. காரமே இல்ல"ன்னாரு.

வேன் கெளம்புனப்ப முன் சீட்டை மாமனாருக்கே விட்டுட்டுப் பின்னால முத்துப்பேச்சி பக்கத்துல போயி உக்காந்தாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டாரு.

"ஏண்டி இப்படிப் பண்ணுன?"

"ரெண்டு கல்யாணத்துலயும் தாலி கட்டுறதை நான் கண்ணால பாக்கலங்க. ஒங்களைத் தேடிக்கிட்டே திரிஞ்சேன். இந்தத் தடவையாவது பக்கத்துல நிக்கணும். நான் மாப்பிள்ளைக்கு அக்கா. மூணாவது முடிச்சு நான் போடணும். ஒரு கல்யாணத்துக்கு ஒரு முறுக்குதான? அதை வீட்டுலயே முறுக்கி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

 ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுனப் பெறகு பால்பாண்டி அடுத்த கேள்வியக் கேட்டாரு.

"வெலாசம் யாரு எழுதுனது?"

"ஒங்களைத் தேனியில கொண்டாந்து எறக்குனாரே, அவருதான்."

"அந்தக் குண்டு எழுத்து... அடப்பாவி!"

"ஏலக்கா டப்பாவுக்குள்ளதான் கவரைப் போட்டு வச்சிருந்தேன். மோந்து பாத்திருப்பீகளே, நம்ம வீட்டுக் காயின்னு தெரியலையா?"

வெள்ளிக்கிழமை கல்யாணம் ஒரு கொறையும் இல்லாம நடந்துச்சு. முந்தின நா ஊர்வலத்துல பால்பாண்டிதான் குடை பிடிச்சாரு, கம்பி யாரு கண்ணுலயும் குத்தல. பந்தியில அவரு எலைக்கு வடை வரல. கோவம் வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிக்கிட்டாரு. முகூர்த்தத்துல முத்துப்பேச்சி நிதானமா, இறுக்கமா மூணாவது முடிச்சைப் போட்டுட்டு, நிமிந்து அவரைத்தான் தேடுனா. எதுத்தாப்புலயே நின்னாரு.

திரும்பி வர்ற வழியில பால்பாண்டிக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

"சரி, இந்தத் தடவை ஏமாத்திட்ட. இனிமே நடக்காது பேச்சி."

"தபாலாபீசுல கவரு ரெண்டா வாங்கிட்டேனே. தையில எந்தங்கச்சி குருவம்மா கல்யாணம் வருதுல்ல."

"அதான் எனக்குத் தெரிஞ்சு போச்சே! இனி எப்படிடி முறுக்குவேன்?"

முத்துப்பேச்சி சன்னல் பக்கம் தலையச் சாச்சுக் கண்ண மூடிக்கிட்டா.

"அப்பவும் ஏன் தபால்ல வந்துச்சுன்னுதான முறுக்குவீக."