ஏழாம் நம்பர் கவுன்ட்டர்

"குழாய் இவ்வளவு உயரத்துல இருக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை குழாயைப் பார்த்தார். தரையிலிருந்து மூன்றடி. எல்லார் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிற உயரம்தான்.

"எங்க இருக்கணும் சார்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து, முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "இங்க. கீழ தொட்டி வைக்க வேணாமா?"

தொட்டியா? மாப்பிள்ளை ஒரு வாளிதான் யோசித்திருந்தார். ஆனாலும் "வைக்கணும் சார், கண்டிப்பா வைக்கணும்" என்று தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் நோட்டில் எதையோ கிறுக்கிவிட்டு, ரப்பர் பூட்ஸ் சத்தம் போட வெளியே போனார். கட்டட வேலையை இந்த மனுஷன் எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார் என்று அந்த பூட்ஸைப் பார்த்து மாப்பிள்ளை அசந்துபோனார்.

மாப்பிள்ளைக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. மனைவி வீட்டில் அவருக்கு 'நானே மாப்பிள்ளை' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஆள் எதுக்கு, நானே பண்ணிக்கறேன்" என்பார். பண்ணவும் செய்வார். அவர் மாட்டிய ஃபேன் ஒரு வருஷம் எதிர்த்திசையில் சுற்றி, காற்றையெல்லாம் கூரைக்கே கொடுத்தது.

இந்த முறை விஷயம் பெரிது. மாமனாருக்கு முழங்காலில் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். வீட்டிலிருக்கிற ஒரே குளியலறை மாடியில், பதினாறு படி ஏறிப் போக வேண்டும். சகலை வீட்டிலோ லிஃப்டே இருந்தது. எல்லாரும் அங்கேதான் கூட்டிப்போக நினைத்தார்கள். மாமனார் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, "எனக்கு நம்ம 'நானே மாப்பிள்ளை' கீழயே ஒரு பாத்ரூம் கட்டுவார். நான் அங்கதான் போவேன்" என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் அவருடைய கைவேலையை நம்பிய முதல் ஆள் அவர்தான். பின்பக்க வராந்தாவை ஒட்டிச் சுவர் எழுப்பிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ் ஆகலைன்னா அப்பா அக்கா வீட்டுக்குத்தான்" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பாஸ் ஆகாத அறையில் எந்தச் சாமானும் வைக்கக் கூடாது என்பது விதி. வாங்கின கம்மோடு மாடியில் அட்டைப்பெட்டிக்குள் காத்திருந்தது.

அனுமதி வாங்கியதென்னவோ சுலபமாகத்தான் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுன்ட்டரில் வரிசை வாசல் தாண்டி நின்றது. சிலர் சாப்பாடு கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். ஏழாம் நம்பர் கவுன்ட்டரில் ஈ காக்கை இல்லை. பத்து நிமிஷம் மிச்சம் பிடிக்க முடிந்தால் டைம் கீப்பர் விடுவாரா? யாரையும் எதுவும் கேட்காமல் ஏழுக்குப் போனார். ஒரே தாளில் படிவம். மேலே 'வீட்டை ஒட்டிய கூடுதல் கட்டுமானம்' என்று போட்டிருந்தது. சரியாகத்தானே இருக்கிறது? எண்ணிக்கை கேட்டிருந்தது. உள்ளே போகப்போவது மாமனார் ஒருவர்தானே என்று 'ஒன்று' என்று எழுதினார். எடை கேட்டிருந்தது. தரை தாங்க வேண்டுமே, அதற்காக இருக்கும் என்று '68 கிலோ' என்று எழுதினார். உடல் குறை ஏதும் உண்டா என்றதற்கு 'முழங்கால்' என்று எழுதினார். மூன்றாம் கவுன்ட்டர் வரிசை ஓரடி நகர்வதற்குள் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன திங்கட்கிழமை மாலையே குழாயை இறக்க ஆரம்பித்தார். சுவரை லேசாகத்தான் தட்டினார். ஒரு தலை நுழைகிற அளவுக்குச் சிமெண்டும் கல்லும் பெயர்ந்து வெளியே விழுந்தது. விழுந்த வேகத்தில் உள்ளே நான்கு டைல்ஸும் விரிசல் விட்டது. குழாய் மட்டும் சரியான உயரத்துக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் ஓட்டையைப் பார்த்ததும் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"சார், அது வந்து..."

"காத்து வருது" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லதுதான். இன்னும் கொஞ்சம் பெருசாக்கி ஒரு கம்பி போட்டுடுங்க."

"சரி சார்."

"டைல்ஸ் எல்லாத்தையும் எடுத்துடுங்க. வழுக்கி விழுந்தா யார் தூக்கறது? சொரசொரப்பா சிமெண்ட் போடுங்க. தரை பின்பக்கம் சரியணும். ஓரமா ஒரு வாய்க்கால். அப்புறம் அந்தச் சுவர்ல ரெண்டடி உயரத்துல கெட்டியா ஒரு இரும்பு வளையம்."

"வளையமா?"

"வளையம் இல்லாம எப்படி சார்?" என்று இன்ஸ்பெக்டர் அவரையே பரிதாபமாகப் பார்த்தார்.

டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டே மாப்பிள்ளை யோசித்தார். வளையம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க. சரி. வாய்க்கால் தண்ணீர் ஓட. அதுவும் சரி. சரியும் தரையில் முழங்கால் ஆபரேஷன் ஆனவர் எப்படி நிற்பார் என்பது மட்டும் புரியவில்லை. ஆனால் புரியாத விதியை மதிக்கிறவர்தானே நல்ல குடிமகன்?

சீக்கிரம் இறுகுகிற சிமெண்டாக வாங்கிப் போட்டார். ஒரு பக்கம் உயர்த்தினால்தானே மறுபக்கம் சரியும்? உயர்ந்த பக்கம் கதவு இருந்தது. சிமெண்ட் இறுகியதும் உள்ளே நின்றபடி கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்திக்கொண்டது. திறக்கத்தான் இல்லை.

கால் மணி நேரம் கழித்து ஓட்டையில் மனைவியின் முகம் தெரிந்தது.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் பண்றேன்."

"கார்ப்பென்டரைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? நானே பண்ணிக்கறேன். அந்த ரம்பத்தை மட்டும் இந்த வழியா குடு."

கதவின் கீழ்ப்பாதி சிமெண்டோடு மல்லுக்கட்டி நின்றது. ஆகவே குறுக்கே நடுவில் அறுத்தார். மேல்பாதி திறந்தது. அதன் வழியே ஏறிக் குதித்து வெளியே வந்தார். மனைவி பாதிக் கதவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"குளிக்கற ரூமுக்கு யாராவது பாதிக் கதவு வைப்பாங்களா? எங்கப்பா தலை வெளிய தெரியுமே."

"இப்ப அதான் மாடல்" என்றார். அவருக்கே அழுகை வரும்போல இருந்தது. நாளைக்குக் கடைசி இன்ஸ்பெக்ஷன். கீழ்ப்பாதியை அடியில் இழைத்து, தனியாகக் கீல் வைத்து மாட்டினார். சகலை போன் பண்ணி, "ஒண்ணும் சிரமப்படாதீங்க சகலை, இங்க ரூம் ரெடியா இருக்கு" என்று அக்கறையாக வெறுப்பேற்றினார்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கதவின் மேல்பாதியைத் திறந்தார். மூடினார். கீழ்ப்பாதியைத் திறந்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை நான் சொல்லவே இல்லையே. நீங்களா வச்சீங்க?"

"ஆமாம் சார். நானேதான்."

"பிரமாதம். நிறையப் பேருக்கு இது தோணாது. தாழ்ப்பாளை மட்டும் உள்பக்கம் எடுத்துட்டு வெளிப்பக்கம் போடுங்க."

உள்ளே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க வேண்டுமே என்று மாப்பிள்ளை தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். இப்போதெல்லாம் அது அவருக்குப் பழகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் படிவத்தை எடுத்தார். "எடை அறுபத்தெட்டு கிலோன்னு இருக்கே. கைதவறி எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். போன வாரம் ஆஸ்பத்திரியில பார்த்தது."

இன்ஸ்பெக்டரின் முகம் வாடிவிட்டது. "ஏன் சார் இப்படி இளைக்க விட்டீங்க?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் சரியா சாப்பிடறதில்ல சார். பசிச்சா மட்டும் சத்தம் போடறார்."

"போடறாரா..." இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கைவைத்தார். "இவ்வளவு மரியாதையா பேசறவங்களை இப்பல்லாம் பார்க்க முடியறதில்ல. நல்லா தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க. வெயிலுக்கு முன்னாடி கொஞ்சம் நடக்க வைங்க. தரையை ஈரமா விடாதீங்க. அப்பப்ப முதுகுல தட்டிக்கொடுங்க, அதுக்கே பாதி தெம்பு வந்துடும். நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஆள் சர்டிபிகேட் கொண்டுவருவார்."

ஒரு அரசாங்க அதிகாரி தன் மாமனாருக்காக இப்படி உருகுவார் என்று மாப்பிள்ளை கனவிலும் நினைக்கவில்லை. வாசல்வரை போய்க் கும்பிட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்மோடைப் பொருத்தினார். தரை சரிவாக இருந்ததால் அதற்கு அடியில் இரண்டு கட்டை கொடுத்து நிமிர்த்தினார். பதினொரு மணிக்குச் சகலையின் காரில் மாமனார் வந்து இறங்கினார். வாக்கரை ஊன்றி ஊன்றி வராந்தாவுக்கு வந்தார். பின்னால் மனைவி, மனைவியின் அக்கா, சகலை.

சகலை பாதிக் கதவைப் பார்த்தார். ஓட்டையின் கம்பியைப் பார்த்தார். "சகலை, இது என்ன டிசைன்?"

"எல்லாம் ரூல்படி" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் உள்ளே போய் மெதுவாக உட்கார்ந்தார். இரும்பு வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் எழுந்து நின்றார். இன்னொரு தடவையும் உட்கார்ந்து எழுந்தார். பிறகு பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார்: "நல்லா இருக்கு மாப்பிள்ளை. நான் எங்கயும் போகல."

மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சகலை தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷம் அப்படியே நின்றுவிட்டால் போதும்போல இருந்தது.

அப்போதுதான் நகராட்சி ஆள் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சர்டிபிகேட்டை நீட்டினார். கூடவே நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றையும், பெரிய இடுக்கி ஒன்றையும் பையிலிருந்து எடுத்தார்.

மாப்பிள்ளை பெருமையாகச் சகலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வில்லைக்குக் கையை நீட்டினார். "குடுங்க, சுத்தியல் இருக்கு. கதவுல நானே அடிச்சுக்கறேன்."

"நீங்களே அடிக்கக் கூடாது சார், காதுல நாங்கதான் குத்தணும்" என்றார் நகராட்சி ஆள், வராந்தாவைச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே. "மாட்டை எங்க கட்டியிருக்கீங்க?"