அம்மா உட்கார்ந்து பார்க்காத கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே கார்களைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தெரியும். இணையத்தில் கார்ப் பைத்தியங்கள் கூடும் குழு ஒன்றில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவேன். உயரமான கார் வளைவில் சாயும், ஆட்டோமேட்டிக் கார் சோம்பேறிகளுக்கு, இப்படி. (அப்போது என் கையில் இருந்தது பஸ் பாஸ்.) லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் யார் கார் வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள். கேட்காதவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கே கார் தேவைப்பட்டது. காரணம், அம்மாவின் முழங்கால். ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாக அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. பாடகர் குழுவில் முப்பது வருடமாக ஆல்ட்டோ (கார் அல்ல, பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவர். அவர் நிற்கும் இடத்தில் இப்போது ஸ்டெல்லா ஆன்ட்டி நிற்பதாகத் தகவல் வந்திருந்தது. முழங்காலைவிட அதுதான் அதிகம் வலித்தது. விளைச்சலைச் சர்ச்சில் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை அன்று தன் இடத்தில் நின்று பாடிவிட வேண்டும் என்பதே அம்மாவின் ஒரே ஜெபம்.

"ஆட்டோல குலுங்க முடியலடா ஜோயல். எதுனா ஒரு கார் வாங்கு."

என்னிடம் போய் 'எதுனா ஒரு கார்' என்பதா!

என் மனைவி ஷீபா, பக்கத்து வீட்டில் இருப்பதைப் போல உயரமான சின்னக் கார் போதும் என்றாள்.

"அது பீரோவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு. வளைவுல எண்பதுல போனா சாயும்."

"ஹெண்ணூர் ரோட்ல எந்த வளைவுல நீங்க எண்பதுல போகப் போறீங்க?"

விஷயம் தெரியாதவர்களோடு நான் விவாதிப்பதில்லை. நான்கு சனிக்கிழமைகள் அலைந்து, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் பழைய செடான் ஒன்றைப் பிடித்தேன். கதவைத் தட்டிப் பார்த்தேன், ஆயிலை மோந்து பார்த்தேன், அடியில் படுத்தும் பார்த்தேன். விற்றவர் தன்மையான மனிதர். "அம்மாவுக்குன்னு சொன்னீங்களே, அவங்கள ஒரு தடவ கூட்டினு வந்து உக்கார வெச்சுப் பாக்கலயா சார்?" என்றார்.

"அம்மா ஓட்டப் போறதில்லையே" என்று சிரித்தேன். 'தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது' என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர் குடித்தேன்.

பண்டிகை நாள் வந்தது. டிக்கியில் காணிக்கைக்கு ஒரு மூட்டை அரிசி, ஒரு வாழைத்தார், இரண்டு பூசணிக்காய். பின்சீட்டில் அப்பாவும் ஷீபாவும். முன்சீட்டில் அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி.

"இன்னாடா இது, கிணத்துல இறங்குற மாதிரி போய்க்கினே இருக்குது?"

"ஸ்போர்ட்டி சீட்டும்மா."

தெருமுனை வேகத்தடையில் ஏறியதும் காரின் அடிவயிறு கர்ர்ர் என்று அலறியது. (எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவும் தன் சொந்த ரசனைப்படி வேகத்தடை போட்டுக்கொள்ளும்.) பாரத்தைக் குறைத்தால்தான் அடி தட்டாது. அம்மாவை இறக்க முடியாது. அதனால் அப்பாவும் ஷீபாவும் ஆளுக்கொரு பூசணிக்காயோடு இறங்கினார்கள். கார் ஏறி இறங்கியது. அவர்கள் நடந்து வந்து மறுபடி ஏறினார்கள். அடுத்த தடையில் வாழைத்தாரும் இறங்கியது. அப்படி மொத்தம் ஏழு தடைகள்.

கடைசித் தடையில் ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஏன் சார், தேரு எளீதா இத்தீரா?" என்றார். தேர் இழுக்கிறீர்களா என்று கன்னடத்தில் விசாரிக்கிறாராம். வேர்த்து ஒழுகிய அப்பா, பூசணிக்காயை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "ஹௌது சார்" என்று ஆமோதித்தார்.

சர்ச் வாசலை அடைந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன், அப்பா இன்னொரு கையை.

"உடுடா, உயிர் போவுது" என்றவரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. ஊருக்கெல்லாம் கருத்துச் சொன்னவன், எந்தக் காலுக்காகக் கார் வாங்கினேனோ அந்தக் காலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மன்னிச்சிடும்மா" என்றேன்.

உள்ளே இரண்டாவது பாட்டு தொடங்கியது. அம்மா கண்ணைத் துடைத்தார். திறந்த கார்க் கதவுக்குள் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து, தன் ஆல்ட்டோவைப் பாட ஆரம்பித்தார். பாடகர் குழு நிற்பது வாசல் பக்க ஜன்னலை ஒட்டித்தான். இரண்டு வரி போவதற்குள் ஸ்டெல்லா ஆன்ட்டியே வெளியே ஓடி வந்தார், பின்னால் கட்டைக்குரல்காரர்கள் இரண்டு பேர்.

"கிரேஸக்கா! உங்க எடத்துல நின்னு நின்னு என் தொண்டையே போச்சு. வாங்க சீக்கிரம்!"

ஐந்து பேர் சேர்ந்து அம்மாவை வெளியே எடுத்தோம். மூன்றாவது பாட்டை அவர் தன் இடத்தில், ஸ்டெல்லா ஆன்ட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாடினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசையில் பூசணிக்காய்களோடு நின்றேன்.

அந்த மாதமே செடானைக் கொடுத்துவிட்டு, பீரோவுக்குச் சக்கரம் வைத்த காரை வாங்கினோம். இந்த முறை அம்மா வந்து ஏழெட்டு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் முடிவு செய்தார். அந்தச் செய்தி சர்ச் முழுவதும் பரவிவிட்டது. இப்போது யார் வீட்டில் கார் வாங்கினாலும், "கிரேஸக்கா ஒரு தடவ உக்காந்து பாக்கட்டும்" என்று கூப்பிடுகிறார்கள். அம்மா கைப்பையோடு போய், உட்கார்ந்து, எழுந்து, "வேணாம்" அல்லது "எடுக்கலாம்" என்கிறார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. யாரும் கேட்பதுமில்லை.

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "ஜோயல், கார் எடுக்கலாம்னு இருக்கேன். ஒரு ஹெல்ப் வேணும்."

எத்தனை நாளாயிற்று இப்படி ஒருவர் கேட்டு! நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சொல்லுங்க. என்ன தெரியணும்?"

"சனிக்கிழம உங்கம்மா ஃப்ரீயா?"