பூசையில் தேறிய சேலை

நாகர்கோவிலில் பெண்கள் வேலைக்குப் போவதற்குப் படிப்புதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊக்கு அக்காதான் காரணம். டிகிரி எல்லோரும்தான் வாங்குகிறார்கள். அந்த டிகிரிக்காரியைக் கசங்காமல், அவிழாமல், கிழியாமல் இன்டர்வியூ நாற்காலிவரை கொண்டு சேர்க்க ஆள் வேண்டாமா?

நான் அங்கே ஒரு பெண்கள் விடுதியில் இருந்த காலத்தில் அக்கா எனக்குப் பக்கத்துக் கட்டில். ஊர் இனயம். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. பகல் முழுக்க ஊரார் கையில் ஊசி, சாயங்காலம் எங்கள் தோளில் ஊக்கு. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் எல்லா அளவிலும் ஊக்குகள் வைத்திருப்பாள். விடுதியில் யாருக்கு இன்டர்வியூ கார்டு வந்தாலும் வார்டனுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் அவள் சேலை உடுத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. வெளியே சுடிதார், உள்ளே நைட்டி, அவ்வளவுதான்.

“நீங்க ஏன்க்கா சேலை உடுக்கிறதில்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு முதுகுல கை எட்டாது மக்கா. நீங்க குத்தினா ஊக்கு சேலையில நிக்குமா, எலும்புல நிக்குமா?” என்றாள். அவளுக்கு ஊக்கு குத்துகிற தைரியம் எங்களில் ஒருத்திக்கும் கிடையாது.

நான் அப்போது மூன்று இன்டர்வியூ போய் மூன்றிலும் தோற்றிருந்தேன். தக்கலையில் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். தைக்குள் வேலை கிடைக்காவிட்டால் குவைத் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளையை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அதிலும் அவர் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவதாகத் திருவனந்தபுரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. இதுவும் போனால் நான் குவைத்துக்குப் போக வேண்டியதுதான்.

இந்தத் தடவை விடக்கூடாது என்று ஆன்லைனில் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கினேன். அம்மா தன் பங்குக்கு வீட்டிலிருந்து அரக்குப் பட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டாள். இரண்டையும் கட்டிலில் விரித்துப் போட்டேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

“ஏட்டி, இந்தக் கோட்டப் போட்டுட்டு போனா நீ வேலை கேக்க வந்தவளா, கேஸ் நடத்த வந்தவளா?”

“அப்போ பட்டுக்கா?”

“பட்டு உடுத்தா, இவளுக்கு எதுக்கு வேலை, நகைக்கடை வச்சிருப்பாண்ணு நினைப்பானுவ. அந்தச் சவத்த மடக்கி வை. நீல காட்டன் ஒண்ணு கிடக்கில்லியா, அத எடு.”

“அது பழசுக்கா.”

“பழசுதான் சொன்ன பேச்சு கேக்கும். இன்டர்வியூ பத்து நிமிசம், பஸ்ஸு ரெண்டு மணிக்கூர். நீ ஆபீசருக்கா உடுக்க? பஸ்ஸுக்கு உடு!”

அத்தோடு விட்டாளா? அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் தேறாத சேலை திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போகக் கூடாது. பூசையில் எழுந்து நிற்க வேண்டும், உட்கார வேண்டும், முழங்காலிட வேண்டும், திரும்ப எழ வேண்டும். அதில் கொசுவம் கலையாமல் நின்றால் எந்த ஆபீசர் முன்னாலும் நிற்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

“அக்கா, நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுற ஆளு” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அது இன்னும் நல்லதில்லியா! போடு, பாப்போம்.”

விடுதி வராந்தாவில் நீலச் சேலையோடு இருபத்தோரு தோப்புக்கரணம் போட்டேன். பதினெட்டாவதில் இடுப்பில் சேலை நெகிழ்ந்தது. அக்கா அங்கே ஒரு ஊக்கு குத்தினாள். பிறகு மூன்று ஞாயிறு வரிசையாகப் பூசைக்கு இழுத்துப் போனாள். என் பெயரோ பகவதி. பக்கத்தில் இருந்தவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து நானும் முழங்காலிட்டேன், சிலுவை போட்டேன், எழுந்தேன். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது அக்காவின் கண் மட்டும் என் கொசுவத்தில் இருக்கும். மூன்றாவது ஞாயிறு கோயில் வாசலில், “தேறிட்டு” என்றாள். எனக்கு அப்போதே வேலை கிடைத்தமாதிரி இருந்தது.

இன்டர்வியூ அன்று காலை ஒன்பது ஊக்கு குத்தினாள். ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. பத்தாவதை என் வாட்ச் பட்டையில் மாட்டினாள்.

“இது எங்கே குத்தக்கா?”

“இது ஒனக்கில்ல. அங்க எவளாவது பிஞ்சது கிழிஞ்சதுண்ணு அழுதுட்டு நிப்பா. அவளுக்குக் குடு.”

“அவ எனக்குப் போட்டிக்கு வந்தவளா இருப்பாளேக்கா!”

“இருந்தா என்ன? கிழிஞ்ச துணியோட வந்தவள ஜெயிச்சேண்ணு வெளிய சொல்ல முடியுமா?”

சொல்லி வைத்தமாதிரி அங்கே ஒருத்தி நின்றாள். மார்த்தாண்டத்துப் பெண். ஆபீஸ் படியில் ஏறும்போது செருப்பு வார் அறுந்துபோய் ஒற்றைக்காலில் நின்றாள். வாட்ச் பட்டை ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனாள்.

அடுத்தது நான். உள்ளே மூன்று பேர். ஃபைல் கை நழுவி, சான்றிதழ்கள் தரையெங்கும் பறந்தன. முழங்காலிட்டுப் பொறுக்கினேன். சேலை அசையவில்லை. எழுந்தேன், கொசுவம் கலையவில்லை. ஆனால் மூன்று ஞாயிற்றுப் பழக்கம் சும்மா விடுமா? எழுந்த கையோடு, மூன்று பேர் முன்னாலும் சிலுவை போட்டுவிட்டேன்.

நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

“பகவதிதானே?”

“ஆமா சார். நான் பிள்ளையார் கோயில் ஆள். இது சேலைக்குப் பூசையில பரீட்சை வச்சதால வந்த பழக்கம்.”

முழுக் கதையையும் சொல்லவைத்துக் கேட்டார்கள். தோப்புக்கரணத்துக்கு வந்தபோது ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியபின் கேட்ட கேள்விகளுக்கு, முந்தைய மூன்று இன்டர்வியூவிலும் வராத பதில்கள் கடகடவென்று வந்தன. எனக்கு வேலை கிடைத்தது. மார்த்தாண்டத்துக்காரிக்கும் கிடைத்தது. இன்றைக்கும் அடுத்த மேஜைதான். அந்த ஊக்கைத் திருப்பித் தரவில்லை. குவைத்துக்காரருக்கு வேறு பெண் அமைந்து, அவரும் சுகமாகத்தான் இருக்கிறார்.

எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. வேலை கிடைத்த புதிதில் அக்காவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்தேன். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு மெசேஜ்.

இந்த வாரத் தொடக்கத்தில் எங்கள் ஆபீஸில் இன்டர்வியூ. இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற மூன்று பேரில் நானும் ஒருத்தி. மெலிந்த பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். பழைய காட்டன் சேலை, கல்லில் செதுக்கிய கொசுவம். வாட்ச் பட்டையில் ஒரு ஊக்கு.

“அது எதுக்கும்மா?” என்றேன்.

“எனக்கில்ல மேடம். வெளிய யாருக்காவது தேவப்பட்டா குடுக்க.”

அவளுக்கு மதிப்பெண் போடும் வேலையை மற்ற இருவரிடமே விட்டுவிட்டேன். நான் போட்டால் அது நியாயமாக இருந்திருக்காது. எல்லாம் முடிந்தபின் வராந்தாவில் அவளைப் பிடித்து அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

“அக்காவுக்கே வாற திங்கட்கிழமை இன்டர்வியூ மேடம். பெரிய ஆஸ்பத்திரி லேபுல. சுடிதார்லதான் போவாங்களாம். சேலைண்ணா முதுகுல குத்த ஆளில்லியாம்.”

ஞாயிறு விடிவதற்குள் நாகர்கோவிலில் இருப்பேன். அந்த நீலச் சேலையையும் எடுத்துப் போகிறேன். அக்காவுக்கு அதை உடுத்திவிட்டு, பூசையில் முழங்காலிட வைத்து, நான் கண்ணை மூடாமல் கொசுவத்தைப் பார்க்க வேண்டும். ஊக்கு எலும்பில் ஏறிவிடக் கூடாதே என்று நாலு நாளாகத் தலையணைக்குச் சேலை உடுத்திக் குத்திப் பழகுகிறேன்.