அரோவானாவுக்கு ஆபத்து

"மூடியை அமுக்கு, யூலி! குதிக்கப் போகுது!"

ருஸ்தி கத்தி முடிப்பதற்குள் சிவப்பு அரோவானா மீன் கண்ணாடியில் வாலால் ஓர் அறை விட்டது. தொட்டி அதிர்ந்தது. ருஸ்தி பாய்ந்து மூடிமேல் குப்புற விழுந்தான்.

"அண்ணிய ஒருநாளாவது இப்படிக் கட்டிப் பிடிச்சிருப்பியா அண்ணே?" என்றாள் ஆபீஸ் தட்டச்சர் யூலி.

"சிரிக்காதே. இது செத்தா என் வேலையும் செத்துது. உன் அண்ணி வேற மாசமா இருக்கா."

இந்தோனேசியாவின் பொந்தியானாக் நகரில் கியோங் முதலாளியின் மர வாடியில் ருஸ்தி கணக்கன். வெளியூர் கிளம்புமுன் முதலாளி அவனைத் தனியே அழைத்து, தாமே வாங்கிவந்த புது மீனைக் காட்டியிருந்தார். "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும்."

அவர் போன பிறகுதான் ருஸ்தி கவனித்தான். மீன் உடம்பெங்கும் உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"ஒட்டுண்ணி. தண்ணியைச் சூடாக்குங்க" என்றார் மீன்கடைக்காரர்.

சூடாக்கினான். மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது. காற்றுக்குழாய் போட்டான். குமிழிச் சத்தத்தில் மிரண்டு குதிக்க ஆரம்பித்தது. அதனால்தான் இப்போது மூடிமேல் கிடக்கிறான்.

"மருந்தை ஊத்து! சீக்கிரம்!"

யூலி ஊற்றினாள். தண்ணீர் மைக்கூடாய் நீலம் பாரித்தது.

"எவ்வளவு ஊத்தினே?"

"சீக்கிரம்னியே... முழுசும்!"

மீன் மெல்ல ஒருக்களித்துச் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. முதலாளி!

"மீனுக்கு ஏதாவது ஆச்சா?"

"சேச்சே! ஜம்முனு இருக்கு பாஸ்!"

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. தொடர்பு அறுந்தது.

"எவ்வளவு பாசம் பாரு" என்றபடி ருஸ்தி வாளியைத் தூக்கினான். நீலத் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினான். புதுத் தண்ணீர், உப்பு. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மீனைக் கையில் ஏந்தி நீந்த வைத்தான். மரம் வாங்க வந்தவர் நீலத் தரையில் வழுக்கி விழுந்தார். எழுப்பிவிட ருஸ்திக்குக் கை ஒழியவில்லை. வீட்டுக்கே போகாமல் தொட்டியடியில் கிடந்தான்.

ஒருவழியாகப் புள்ளிகள் உதிர்ந்தன. நீட்டிய வெட்டுக்கிளியை மீன் அவன் விரலோடு சேர்த்துக் கவ்வியது. ருஸ்தி வலியிலேயே ஒரு கூத்தாடினான்.

அன்றே முதலாளி வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில். தலையில் கட்டு, காலில் மாவுக்கட்டு, ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில். தள்ளி வந்தவர் அவர் மனைவி அமெய்.

"ஐயோ, என்ன பாஸ் இது?"

"ஹோட்டல் படிக்கட்டு" என்று முனகினார்.

"கவலைய விடுங்க, தொட்டியைப் பாருங்க! சாகக் கிடந்ததை எமன் வாயிலேர்ந்து பிடுங்கிட்டு வந்திருக்கேன்!"

முதலாளி மீனைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார்.

அமெய் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! இவருக்குப் பெரிய கண்டம் இருக்கு, வளர்க்கிற மீன் செத்தா கண்டமும் அதோட போயிடும்னு கோயில்ல சொன்னாங்கன்னுதானே, கடை கடையா அலைஞ்சு சீக்கு மீனாப் பார்த்து வாங்கி வெச்சோம்!"