பொம்பிளைப் படத்தில் துவக்கு

பலெர்மோ, இத்தாலி
ஆனி 1994

ரொறன்ரோவில் வசிக்கும், எனக்குச் சம்பந்தியாராக வரவிருக்கும் (இன்னமும் அப்படித்தான் நம்புகிறேன்) விதுரன் தம்பியின் தகப்பனார் அவர்களுக்கு,

அபிதாவின் தகப்பன் ஜெயரட்ணம் பணிவன்புடன் எழுதுவது. யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இங்கே ஒருவரும் நலமில்லை.

"படத்தில் பிள்ளைக்குப் பின்னால் மேசையில் கழற்றிக் கிடப்பது என்ன? நீங்கள் எந்த இயக்கம்? பொலிஸ் பிடித்ததும் உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். ஐயா, நான் இயக்கமில்லை, வீட்டுவேலைக்காரன். நான் வேலை செய்வது, கோட்டுக்குப் போய் வழக்குப் பேசுவதை நிறுத்திவிட்ட வயதான அப்புக்காத்து ஒருவர் வீட்டில். எங்களிடம் சோபா இல்லாததால் பிள்ளையை அவருடைய சோபாவில் இருத்தி, உங்களுக்கு அனுப்பப் படமெடுத்தோம். பின்னால் கிடந்தது அவருடைய பாட்டனாரின் வேட்டைத் துவக்கு. இத்தாலியின் வடக்கே ஏதோ பழைய கம்பனி செய்ததாம். கிழவருக்குக் கை நடுக்கம். "இனி நீதான் என் கை" என்று ஸ்குறூட்றைவரை என்னிடம் தந்துவிட்டார். துவக்குக்குப் பயந்து கடல் கடந்தவன் நான். ஆனாலும் வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு கழற்றினேன்.

படமெடுத்த மறுநாள்தான் வினை வந்தது. அதன் பூட்டுக்குள்ளே நாக்கு மாதிரி வளைந்த ஸ்பிரிங் வில் ஒன்று இருக்கிறது, அமத்திப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும், நான் பிடிக்கவில்லை, அது பறந்துபோய் கிழவரின் மனைவி சிஞ்ஞோராவின் சூப்புக் கோப்பைக்குள்ளே விழுந்திட்டுது, அவ கத்தின கத்திலே எதிர்வீட்டுக்காரி பல்கனியாலே எட்டிப் பார்த்தா, நான் குழலைத் தூக்கி வெளிச்சம் பார்த்துக்கொண்டு நிக்கிறன், மாபியாவாலே இங்கே சந்திக்குச் சந்தி ஆமி நிக்கிற காலம், அவ உடனே பொலிசுக்குப் போன் அடிச்சுப்போட்டா.

பொலிஸ் வந்தது. அப்புக்காத்தர் பத்திரங்களைக் காட்டி, "இவன் துடைக்கிறவன்" என்றார்.

"அப்ப பூட்டிக் காட்டட்டும்" என்றார் அதிகாரி.

 பொலிசைக் கண்ட பயத்திலே, ஐயா, சூப்பிலிருந்து எடுத்த வில்லையும் சேர்த்து ஒரு துண்டும் மிஞ்சாமல், கண்மூடித் திறக்கமுதல் பூட்டி வைத்திட்டன்.



"எங்கை பயிற்சி எடுத்தனி?" என்றார் அதிகாரி.

குவெஸ்துரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்புக்காத்தரும் அபிதாவும் வந்து வாதாடித்தான் மீட்டார்கள். இப்போது கோயிலில் பாதிப்பேர் என்னோடு கதைப்பதில்லை. மீதிப்பேர் மரியாதையாகக் கதைக்கிறார்கள், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. என் மனைவி ஞானாம்பிகை சாப்பாடு வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐயா, இனி அந்தத் துவக்கைத் தொடவே மாட்டேன். தகப்பன் தலைவிதியைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். இந்தச் சம்பந்தத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரையும் நல்லூர்க் கந்தன் காத்தருள வேண்டும். நேரமிருந்தால் எங்களையும்.

இங்ஙனம்,
நித்திரையில்லாத
ஜெயரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் விதுரன் தம்பி ரெலிபோன் எடுத்தார். அபிதாவிடம் சுகம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, காது சுடும்வரைக்கும் துவக்கைப் பற்றித்தான் கேட்டார். வில்லைத் திருப்பிப் போடும் விதத்தை நானும், மன்னிக்கவும், விளக்கமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அபிதா, "அப்பா, உங்களுக்கு நல்ல சிநேகிதர் கிடைச்சிட்டார். எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே மேலே மன்றாடிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தம்பியை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லுங்கள்.